ரெண்டாம் வண்டி

என் அத்தைக்கு அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. ஊரில் அவளுக்குப் பெயர் ‘ரெண்டாம் வண்டி’. வைத்தவன் நான். பத்தாம் வகுப்பு என்னைப் பார்த்து “போதும்ப்பா, நீ கிளம்பு” என்று கையெடுத்துக் கும்பிட்ட பிறகு நான் ஊருக்குச் செய்த ஒரே தொண்டு அது.

எங்கள் ஊருக்கு ரயில் ஒன்றே ஒன்றுதான். காலையில் பெரிய ஊருக்குப் போகும், சாயங்காலம் திரும்பி வரும். நடுவில் போக வேண்டுமென்றால் தண்டவாளத்தோரம் நடந்து போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். பஸ் உண்டு. வெயில் ஏறிய பிறகு கிளம்பி, வழியில் இருக்கிற எல்லா ஊரையும் நலம் விசாரித்துவிட்டு அது போய்ச் சேர்வதற்குள், எதற்குக் கிளம்பினோம் என்பதே மறந்துவிடும். அதனால் அத்தை யாரைப் பார்த்தாலும், “ரெண்டாவதா ஒரு வண்டி விட்டா இவங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?” என்பாள். ஒரு சாவு வீட்டுக்குப் போய், துக்கம் விசாரித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ரெண்டாவதா ஒரு வண்டி இருந்திருந்தா மக வந்து முகத்தைப் பாத்திருப்பா” என்றாள். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் அழுகையை நிறுத்திவிட்டு, ஆமாம் ஆமாம் என்று ரயில்வேயைத் திட்ட ஆரம்பித்தார்கள். பாவம், செத்தவரைக் கொஞ்ச நேரம் யாரும் கவனிக்கவில்லை.

அவளுக்கு வேலை பெரிய ஊர் ஆஸ்பத்திரியில், துணிப் பிரிவில். சலவையிலிருந்து சூடாக வந்து விழும் படுக்கை விரிப்புகளை மடித்து, அடுக்கி, வார்டு வார்டாக அனுப்ப வேண்டும். வருஷக்கணக்கில் மடித்து மடித்து அது கையில் ஏறிவிட்டது. வீட்டில் எதைக் கீழே வைத்தாலும் மடிந்துவிடும். பழைய பேப்பர், பிளாஸ்டிக் பை, பஸ் டிக்கெட், நான் கழற்றி எறிந்த சட்டை. அப்பா அசந்து தூங்கும்போது போர்வையோடு சேர்த்து அவரையும் மடித்து அலமாரியில் வைத்துவிடுவாளோ என்று அம்மாவுக்கு ஒரு பயம்.

அப்பா தூங்குவது பகலில். மாவு மில்லில் ராத்திரிக் காவல். விடிந்ததும் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுகிற இடத்திலேயே கொட்டாவி விடுவார். அத்தை அவருக்கு அக்கா. அவரை “டேய்” என்று கூப்பிட உலகத்தில் உரிமை உள்ள ஒரே ஆள். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், “வந்த மாப்பிள்ளைங்க எல்லாம் வண்டி நேரத்துக்கு ஒத்து வரலை” என்பாள். எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பாதி அவளுடையது, மறுபாதி என்னுடையது. நடுவில் ஒரு இரும்பு அலமாரி. அலமாரிக்கு இந்தப் பக்கம் குப்பை, அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி.

ஒரு சாயங்காலம் அத்தை வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அத்தை பேசவில்லை என்றால் வீட்டில் மின்சாரம் போன மாதிரி இருக்கும். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“என்ன அண்ணி?”

“ஷிப்ட்ட மாத்திட்டாங்க. அடுத்த மாசத்துலருந்து விடியக்காலையில நான் துணிக்கட்டு முன்னாடி நிக்கணும்.”

காலை வண்டி போய்ச் சேரும்போது அந்த ஷிப்டில் பாதித் துணி மடிந்திருக்கும். ஒன்று வேலையை விட வேண்டும், இல்லையென்றால் ஆஸ்பத்திரி விடுதியில் நாலு பேரோடு ஒரு அறையில் தங்கி, வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து போக வேண்டும். வேலையை அத்தை விட மாட்டாள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“அப்பாடா, முன்னறை முழுக்க எனக்குத்தான்” என்றேன் நான்.

“எடுத்துக்கோ, எடுத்துக்கோ. எலி குடும்பம் நடத்தட்டும்” என்று அத்தை சிரித்தாள்.

அன்றைக்கு நான் தட்டில் பாதியை மிச்சம் வைத்தேன். வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

மறுநாள் அத்தை ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்க்கப் போனாள். சும்மா இருக்கிறேனே என்று நானும் கூடப் போனேன். ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர். ஆனால் அத்தையின் தலை தெரிந்தால் அவருக்கு உடனே சிக்னல் அறையில் ஏதாவது வேலை வந்துவிடும். அன்றைக்குக் கதவு வரைக்கும் போய்விட்டவரை அத்தை மடக்கினாள்.

“சார், விடியக்காலையில ஒரு வண்டி வேணும்.”

“உட்காருங்கம்மா. இருக்கறது ஒரு லைன். விடியக்காலையில சரக்கு வண்டி வரிசையா வரும். எதிர்ல வர்ற வண்டி ஒதுங்கணும்னா அடுத்த ஸ்டேஷன்லதான் இன்னொரு தண்டவாளம் இருக்கு. அங்கயும் ஏற்கனவே ஒண்ணு நிக்கும்.”

“சரக்கு கொஞ்சம் பொறுக்கட்டுமே. நிலக்கரிக்கு என்ன, ஷிப்ட்டா தவறிப்போகுது?”

“பெட்டி கிடையாதும்மா. பெட்டி இருந்தா இஞ்சின் இல்ல. இஞ்சின் இருந்தா ஓட்ட ஆள் இல்ல. ஆள் இருந்தா அவரு லீவு.”

“நீங்களாவது இருக்கீங்களா சார்?” என்றேன்.

“இவன் யாரு?”

“தம்பி பையன். வாய் மட்டும்தான் வேலைக்குப் போகுது” என்றாள் அத்தை. பிறகு குரலைத் தாழ்த்தினாள். அத்தை குரலைத் தாழ்த்தினால் எதிரில் இருப்பவர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். “சார், தினம் விடியறதுக்கு முன்னாடி லைட்டைப் போட்டுக்கிட்டு ஒரு வண்டி பெரிய ஊருக்குப் போகுதே. உள்ள ஒரு ஈ காக்கா இல்லாம. அது என்ன?”

ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“அது கழுவி முடிச்சு ஷெட்டுலருந்து போற வண்டிம்மா. பெரிய ஊருக்குப் போயி அங்கருந்துதான் ஆளை ஏத்தும். அது காலி வண்டி. பயணிகள் வண்டி இல்ல.”

“நான் ஏறினா ஆயிடும்ல?”

ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியை எடுத்து மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். பிறகு, இரண்டு நிமிஷம் நிறுத்துவதற்கும் மேலிடம் சம்மதிக்க வேண்டும், இந்த ஊரில் அவ்வளவு கூட்டம் இருக்கிறது என்று கணக்கு வேண்டும், ஆனால் கணக்குப்படி இப்போது ஓடுகிற வண்டியே காலியாகத்தான் ஓடுகிறது என்றார்.

“காலியா? நான் தினம் ஒத்தக் காலுல நிக்கறேன் சார். இன்னொரு காலு யாரோடதுன்னே தெரியாது!”

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பெரிய ஊர் ஸ்டேஷனில் வெளியே போகும் வழி வண்டியின் வால் பக்கம் இருக்கிறது. இறங்கினால் ஓட வேண்டுமே என்று எங்கள் ஊர் ஜனம் மொத்தமும் கடைசி இரண்டு பெட்டியில் ஏறிக்கொள்ளும். அங்கே சீட்டாடுகிற கோஷ்டிக்கு ஒரு மூலை, பின்னல் போடுகிறவர்களுக்கு ஒரு மூலை, சண்டைக்காரர்களுக்கு வாசல். முன்னால் நாலு பெட்டி காற்று வாங்கிக்கொண்டு போகும். ரயில்வேயிலிருந்து கூட்டத்தை எண்ண வருகிறவர்களுக்கோ ஒரு விதி: இஞ்சினிலிருந்து இரண்டாவது பெட்டியில் ஏறி, இருக்கிற தலையை எண்ணி, ஆறு பெட்டிக்கு ஆறால் பெருக்க வேண்டும்.

“ரெண்டாவது பெட்டியா?” என்றாள் அத்தை. அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். ஏதாவது வில்லங்கம் பண்ணப் போகும்போது எனக்கும் வரும்.

அடுத்த வாரம் எண்ணுகிறவர் வருகிறார் என்று தெரிந்ததும் அத்தை வீடு வீடாகப் போனாள். “அன்னிக்கு ஒரு நாள். எல்லாரும் ரெண்டாவது பெட்டி.” சீட்டாட்ட கோஷ்டியின் தலைவர், ஒரு தையல்காரர், முதலில் சம்மதிக்கவில்லை. பழகின மூலையை விட்டால் சீட்டு விழாதாம். “விடியக்காலையில வண்டி வந்தா உங்க பொண்ணுக்கு காலேஜ் விடுதிப் பணம் மிச்சம்” என்று அத்தை சொன்னதும் சீட்டு எங்கே வேண்டுமானாலும் விழும் என்று ஆகிவிட்டது. வண்டியில் போகாதவர்களும் வருகிறேன் என்றார்கள். அம்மா வருகிறேன் என்றாள். மில் வேலை முடிந்து நேராக அப்பாவும் வந்தாக வேண்டும் என்று உத்தரவு. நான் ஒரு சாக்பீஸ் எடுத்துப் போய், யாரும் பெட்டி மாறிவிடக் கூடாது என்று, வண்டி வந்து நின்றதும் இரண்டாவது பெட்டியில் பெரிதாக ‘2’ என்று எழுதினேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதிய முதல் எழுத்து. நன்றாகத்தான் வந்திருந்தது.

அப்படி ஒரு கூட்டத்தை எங்கள் ஊர் பார்த்ததில்லை. ‘2’ பெட்டியில் ஒருவர் மூச்சு விட்டால் அடுத்தவர் அதை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டும். அம்மா யாருடைய குழந்தையையோ இடுப்பில் வைத்திருந்தாள். என் முகம் யாரோ ஒருவருடைய அக்குளில் இருந்தது. வண்டி கிளம்புகிற நேரத்தில், ஒல்லியாக, சுத்தமாகச் சட்டை போட்ட ஒருவர் வாசலில் வந்து நின்று ஒரு காலைப் படியில் வைத்தார்.

வாசலில் இருந்த தையல்காரர் கையை நீட்டி மறித்தார். “இடமில்ல சார். பின்னாடி பெட்டி பூரா காலி. அங்க போங்க.”

“இல்லைங்க, நான் இதுல தான்...”

“இன்னிக்கு இதுல எங்க ஊர்க்காரங்க மட்டும்தான் சார். எண்ண வர்றாங்க. உங்களுக்குச் சொன்னாப் புரியாது.”

வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து, ரொம்ப மரியாதையாக, அவரை இறக்கிவிட்டார்கள்.

பெரிய ஊரில் இறங்கும்போதுதான் அத்தை பார்த்தாள். மூன்றாவது பெட்டியிலிருந்து அந்த ஒல்லி மனிதர் இறங்குகிறார். கட்டை விரலால் அமுக்கினால் எண் ஏறுகிற குட்டிப் பொறி ஒன்று அவர் கையில் இருக்கிறது. அவருக்குப் பின்னால், கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஒரு பக்கம் முடி எழுந்து நிற்க, அப்பா இறங்குகிறார். ‘2’ பெட்டியில் படுக்க இடமில்லையென்று அவர் பாட்டுக்கு அடுத்ததில் ஏறிக் கட்டையை நீட்டியிருக்கிறார்.

அத்தைக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. வேலைக்கு நேரமாகிவிட்டதால் அவளால் திட்டக்கூட முடியவில்லை. “சாயங்காலம் வச்சுக்கறேன்டா உன்னை” என்று அப்பாவைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு ஓடினாள்.

எங்களுக்குத் திரும்ப சாயங்காலம்தான் வண்டி. ஊர் மொத்தமும் பெரிய ஊரில் பகல் முழுக்க மாட்டிக்கொண்டது. அம்மா கடைத்தெருவைப் பார்க்கப் போனாள். அப்பா பிளாட்பாரத்து பெஞ்சில் விட்ட இடத்திலிருந்து தூக்கத்தைத் தொடர்ந்தார். அடுத்த பெஞ்சில் எண்ணுகிறவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் சாயங்கால வண்டிதான். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“காலையில எத்தனை பேர் சார்?”

“ஒருத்தர். ஆறால பெருக்கினா ஆறு.”

“ரெண்டாவது பெட்டியில நூறு பேர் இருந்தோமே சார்.”

“என்னை உள்ள விடலியே தம்பி. ரெண்டாவதுல ஏற முடியலைன்னா அடுத்ததுல எண்ணணும்னு விதி. அங்க ஒருத்தர்தான் இருந்தார். அந்தா, அவரு.”

“எங்க அப்பா சார்.”

“அப்படியா? ரொம்ப நல்லாத் தூங்கறாரு” என்றார். கிண்டல் இல்லை. உண்மையிலேயே பொறாமையாகத்தான் சொன்னார்.

“ஒரு தடவை எண்ணினதை மாத்த முடியாதா சார்?”

“முடியாது. ஆனா திரும்பிப் போகும்போது இன்னொரு தடவை எண்ணுவேன். ரெண்டையும் சேர்த்து மேல அனுப்பணும்.”

எனக்கு உயிர் வந்தது. அத்தை வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் என் அப்பாவை எழுப்பி, “ஊரு பூரா ஒரு பக்கம் இழுக்குது, என் கூடப் பிறந்தது ஒண்ணு மட்டும் மறுபக்கம் குறட்டை விடுது” என்று ஆரம்பித்தாள். அதற்குள் வண்டி வந்துவிட்டது. எங்கள் ஜனம் காலையில் சொன்ன சொல் மாறாமல், சாக்பீஸ் ‘2’ எங்கே என்று தேடிக் கண்டுபிடித்து, அதே பெட்டியில், அதே மாதிரி அடைந்துகொண்டது. காலையில் செய்த தப்பு தெரிந்துவிட்டதால் தையல்காரர் இந்தத் தடவை எண்ணுகிறவருக்கு என்றே வாசலில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டுக் காத்திருந்தார்.

எண்ணுகிறவர் வரவில்லை. அவர் பிளாட்பாரத்தில் எதிர்ப்பக்கமாக, வேகமாக நடந்துகொண்டிருந்தார்.

இஞ்சின்! திரும்பி வரும்போது இஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவார்கள். காலையில் இரண்டாவதாக இருந்தது இப்போது ஐந்தாவது. நான் எழுதிய ‘2’ அங்கே நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. எண்ணுகிறவர் போகிற பெட்டியில் இப்போது அப்பா அளவுக்குக்கூட ஆள் கிடையாது.

“எல்லாரும் இறங்குங்க! முன்னாடி போங்க!” என்று அத்தை கத்தினாள். 

“இது என்னம்மா, காலையில இதுன்னே, இப்ப அதுங்கறே” என்றது ஒரு குரல். “இடம் பிடிச்சாச்சு, இனி நகர மாட்டேன்” என்றது இன்னொன்று. எங்கள் ஜனத்தைப் பற்றி எனக்குத் தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்து அவர்களை எழுப்ப நியாயத்தால் முடியாது. இஞ்சினைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தால் வண்டி ஊர் போய்ச் சேர்ந்துவிடும். நான் கழுத்தைப் பிறாண்டினேன். பிறகு முதுகை. பிறகு, “ஐயோ, மூட்டைப்பூச்சி! சீட்டு பூரா மூட்டைப்பூச்சி!” என்று அலறினேன்.

முதலில் அம்மாதான் குதித்தாள். அவளுக்கு நிஜமாகவே கடித்துவிட்டது, இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள், தழும்பைக் காட்டுவாள். தையல்காரர் கையில் ஜெயிக்கிற சீட்டு இருந்திருக்கிறது, அதைப் போட்டுவிட்டு ஓடினார். சொறிந்துகொண்டும், உதறிக்கொண்டும், ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டும் ஊரே பிளாட்பாரத்தில் கொட்டியது. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். உடனே கையை வீசி, “முன்னாடி! முன்னாடி பெட்டியெல்லாம் இன்னிக்குத்தான் மருந்து அடிச்சிருக்கு!” என்று கூவினாள்.

வண்டி நகர்ந்தபோது இஞ்சினிலிருந்து நாலு பெட்டியிலும் ஜனம், முக்கால்வாசி இரண்டாவதில். இரண்டாவதில் ஏறிய எண்ணுகிறவருக்கு அத்தையே முன்னால் நடந்து வழி விட்டாள். “வழி விடுங்க, இவரு தான் எண்ணறவரு. இவரைத் தள்ளாதீங்க.” டிக் டிக் என்று பொறி ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு தடவை நின்றது. அவரும் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.

எண்ணி முடித்துவிட்டு அத்தையிடம் வந்தார்.

“ஏம்மா, காலையில ஒண்ணு. சாயங்காலம் எழுபத்தஞ்சு. இதைக் கொண்டுபோய்க் குடுத்தா எங்க மேலதிகாரி என்னை என்ன நினைப்பாரு?”

“வழியில தூங்கிட்டீங்கன்னு நினைப்பாரு. எங்க வீட்டுலயும் ஒருத்தன் இருக்கான்.”

அவர் சிரித்தேவிட்டார். பிறகு அத்தை ஷிப்டைப் பற்றிச் சொன்னாள். அந்தக் காலி வண்டியைப் பற்றிச் சொன்னாள். வழக்கமாகக் கத்துகிறவள், அன்றைக்குக் கத்தாமல் சொன்னாள். சொல்லும்போதே அவர் மடியில் கசங்கிக் கிடந்த கைக்குட்டையை எடுத்து நாலாக மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டாள். அவளுக்கே அது தெரியவில்லை.

இரண்டு எண்ணும் ஒன்றோடு ஒன்று ஒட்டாததால் மேலிடத்துக்குக் குழப்பமாகிவிட்டதாம். அந்த விடியற்காலைக் காலி வண்டியை மூன்று மாதம் எங்கள் ஊரில் இரண்டு நிமிஷம் நிறுத்திப் பார்ப்பது, யார் ஏறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு பிறகு முடிவு செய்வது என்று உத்தரவு வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் தானே வீட்டுக்கு வந்து சொன்னார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உங்க அத்தைகிட்ட சொல்லாதே. ஒரே ஒரு ஆளுக்காகத் தினம் வண்டியை நிறுத்தறோம்னு தெரிஞ்சா ஒரு வாரத்துல ரத்து பண்ணிடுவாங்க. இன்னொருத்தராவது ஏறணும்.”

“ஊரே ஏறும் சார்” என்றேன்.

முதல் நாள் விடியற்காலையில் பிளாட்பாரத்தில் அத்தை நின்றாள், பை நின்றது. ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. தையல்காரரின் மகளுக்கு முதல் வகுப்பே வெயில் ஏறித்தானாம். மில்லிலிருந்து கொஞ்சம் முன்னாடியே கிளம்பி அப்பா வந்து நின்று, நின்றபடியே கண்ணை மூடினார். வண்டி பளபளவென்று, ஆறு பெட்டியும் விளக்கு எரிய வந்து நின்றது. அத்தை ஏறினாள். கடைசிப் பெட்டியில்தான். இறங்கினால் வெளியே போகும் வழி பக்கத்தில் இருக்க வேண்டுமே.

நானும் ஏறினேன்.

“நீ எங்கடா?”

“சும்மா. ஜன்னலோரம் கிடைக்கும்னு.”

“வெயில் மூஞ்சியில அடிக்காம நீ எழுந்து நான் பாத்ததில்லையே.”

“அலமாரிக்கு அந்தப் பக்கம் உங்க கடிகாரம் கத்துது. எவன் தூங்கறது?”

அப்படித்தான் ஆரம்பித்தது. போனால் சாயங்காலம் வரை திரும்ப வண்டி இல்லாததால் பெரிய ஊர் ஸ்டேஷன் வாசலில் பகல் முழுக்கச் சுற்றினேன். தினம் அங்கேயே நிற்கிறானே என்று சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். எனக்கு வேலை கிடைத்த கதை இவ்வளவுதான். அம்மா இதை என்னுடைய பொறுப்பு என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறாள், நான் மறுக்கவில்லை. மூன்று மாதம் முடிந்தது. அதற்குள் மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் நாலு பேர், நர்ஸ் வேலைக்குப் படிக்கிற பெண்கள் இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். வண்டியை யாரும் ரத்து செய்யவில்லை. நான் இனி போகாவிட்டாலும் நிற்கும். ஆனால் சைக்கிள் ஸ்டாண்டை யார் பார்ப்பது?

அத்தைக்கு இப்போது ஷிப்ட் மதியத்தோடு முடிந்துவிடுகிறது. சாயங்கால வண்டி வரும்வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், “மத்தியானம் ஒரு வண்டி விட்டா இவங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். போன வாரம் எங்கள் ஊர் ஸ்டேஷன் மாஸ்டரிடமும் கேட்டுவிட்டாள். அவர் சிக்னல் அறைக்குள் போனவர், வண்டி கிளம்பிப் போகும்வரை வெளியே வரவில்லை. பெயரை மாற்றி ‘மூணாம் வண்டி’ என்று வைத்திருக்கிறேன். இன்னும் ஊரில் பிடிக்கவில்லை. பிடித்துவிடும்.

விடியற்காலை வண்டியில் ஏறியதும் அத்தை ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுகிறாள். தூங்குகிற விஷயத்தில் அக்காவும் தம்பியும் ஒன்று. வளைவில் வண்டி ஆடும்போது அவள் மடியிலிருந்து பை நழுவும். விழுந்தால் சத்தத்தில் எழுந்துவிடுவாள். எழுந்தால் பேசுவாள். அதனால் நான் பையைப் பிடித்துக்கொண்டு வருகிறேன்.